தொடர்புக்கு: செங்கோடன்

வனத்தையும் மண்ணையும் நேசிக்கும் வாசகப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நான் எழுதிய இருநூற்றுச் சொச்சம் கட்டுரைகளில் இப்படிச் சத்தியம் செய்யக்கூடியது இது ஒன்றுதான். பேய்க் கதை என்பதால் நீங்கள் நம்பப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

காடு, இயற்கை வளம், கிராம வாழ்வு. கேட்கிற பத்திரிகைக்கெல்லாம் இவற்றைப் பற்றி எழுதித் தருவது என் தொழில். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டிக்கு மேலே ஓர் அறை. அங்கே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் மண்வாசனையை எழுதுவேன். எனக்கு வெயில் ஆகாது.

ஆறு வருடங்களுக்கு முன் ‘தண்ணீர் கேட்காத வனம்’ என்று ஒன்று எழுதினேன். மோகனூர்ப் பக்கம் வானம் பார்த்த மூன்று ஏக்கரில் மலைவேம்பு நட்டு ஜெயித்த விவசாயி செங்கோடனின் கதை. “மரத்துக்குத் தண்ணி வேண்டாமுங்க, நம்பிக்கை போதும்” என்று அவர் சொன்னதை மேடைகளில் மேற்கோள் காட்டினார்கள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கண்கலங்கினார்.

செங்கோடன் என்று ஒருவர் கிடையாது. நான் உண்டாக்கியவர்.

விவசாயக் கட்டுரை என்றால் கடைசி வரியில் ‘தொடர்புக்கு’ என்று அந்த விவசாயியின் செல்போன் எண்ணைப் போட்டாக வேண்டும். அதுதான் உண்மைக்கு முத்திரை. என்னிடம் சும்மா கிடந்த ஒரு சிம்மின் எண்ணைப் போட்டேன். அழைப்புகள் கொட்டின. பத்து நாள் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு நானே செங்கோடனாகப் பேசினேன். “எங்க கெணறு கோடையில வத்துமுங்க, பரவால்லீங்களா?” என்று ஒருவர் தினமும் கேட்பார். நம்பிக்கை போதும் என்பேன். பிறகு அலுத்துவிட்டது. சிம்மை இரண்டாக உடைத்துத் திருமணிமுத்தாற்றில் எறிந்தேன்.

போன சித்திரையில், அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையின் புதிய ஆசிரியர் அறிவுச்செல்வி அழைத்தார்.

“சார், பழைய சாதனையாளர்கள் இப்ப எப்படி இருக்காங்கன்னு ஒரு சிறப்பிதழ். செங்கோடன் ஐயா மரத்தோட நிக்கிற படம் வேணும்.”

“அவரு கூச்ச சுபாவம்மா.”

“ஆள் இருக்காரா, இல்லையா சார்? படம் வந்தா இதழ்தோறும் வர்ற உங்க பத்தி தொடரும். வரலைன்னா இந்த இதழோட நிறுத்திக்கலாம்.”

பதினேழு வருடப் பத்தி. அது போனால் நான் வெறும் மண்டி மாடிக்காரன். ஏதாவது ஒரு மலைவேம்புத் தோப்பு, ஏதாவது ஒரு கிழவர். போதும். கிளம்பினேன்.

காலை 11.48. மோகனூருக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்பே பஸ் ஜன்னலில் ஒரு தோப்பு தெரிந்தது. இறங்கிக்கொண்டேன்.

11.56. உள்ளே நுழைந்தேன். வரிசை பிசகாத மரங்கள். ஒன்றிலும் இலை இல்லை. பட்டை உரிந்து, வெளுத்து... எலும்பு நட்ட மாதிரி. காக்கை இல்லை. காற்று இல்லை. ஆனாலும் எங்கேயோ ஒரு கிளை முனகியது.

கிரீச்... கிரீச்...

மூன்றாவது வரிசையில் ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் பச்சைத் துண்டு. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“வாங்க சாமி. நெழல்ல நில்லுங்க.”

நிழலே இல்லை.

“பத்திரிகைங்க. மரத்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

“மரத்துக்குத் தண்ணி வேண்டாமுங்க, நம்பிக்கை போதும்.”

என் வரி! அட, என் வாசகர். நெஞ்சு விம்மியது. செல்போனைத் தூக்கினேன்.

“தலையக் கொஞ்சம் நேரா வைங்க.”

“வராதுங்க.”

“சுளுக்குங்களா?”

“மூணு வருசமா இப்படித்தானுங்க.”

திரையில் அவரை முழுதாகப் பார்த்தேன். கால்விரல்கள் மட்டும் மண்ணைத் தொட்டன. குதிகால் தொடவில்லை. எட்டிப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். எதையும் பார்க்கவில்லை...

12.00. படம் எடுத்தேன். தொழில், பாருங்கள்.

“செங்கோடன்னு பேர் போட்டுக்கறேன். பரவாயில்லீங்களா?”

சிரித்தார். சத்தம் தொண்டையில் பாதியில் நின்றது.

“செங்கோடன் நீங்கதானுங்களே. கொரலு தெரியுதுங்க.”

கிரீச்...

“கெணறு வத்திருச்சுங்க.”

அந்தக் குரல் எனக்கும் தெரியும்.

பின்னால் நகர்ந்தேன். அவர் ஒரு மரத் தூரம் நெருங்கி நின்றார். நடந்து வரவில்லை...

“அடுத்து என்னங்க பண்றது?”

கிரீச்...

இன்னும் ஒரு மரம்.

“சொல்லுங்க...”

ஓடினேன்.

சாலையோர டீக்கடையில் போய் விழுந்தபோது 12.09. கடைக்காரி பாப்பாயி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்.

“செல்லமுத்து தோப்புக்குள்ளயா போனீங்க? அதும் உச்சி வேளையில?”

“யாருங்க செல்லமுத்து?”

“எவனோ பேப்பர்ல எழுதுனான்னு சோளக்காட்ட அழிச்சு மரம் வெச்சாருங்க. கெணறு வத்துச்சு. மரம் அத்தனையும் நின்ன மேனிக்குக் காஞ்சுது. செங்கோடன்னு ஒரு ஆளு இருக்காரு, அவரக் கேட்டா வழி சொல்லுவாருன்னே கெடந்தாரு. அந்த நம்பருக்குத் தெனமும் போன் போடுவாரு. எடுக்கவே இல்லீங்க. மூணு வருசம் முந்தி, இதே மாதிரி ஒரு மத்தியானம், மூணாம் வரிசையில...”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எறக்கிப் பாத்தா சட்டப்பையில அந்தப் பேப்பருங்க. ஆமா, நீங்க என்ன சோலியா வந்தீங்க?”

“உரக் கம்பெனி” என்றேன்.

படத்தில் ஆள் இல்லை. மரம் மட்டும் நேர்த்தியாகப் பதிவாகியிருந்தது. அனுப்பினேன். “ஐயா எங்க சார்?” என்றார் அறிவுச்செல்வி. “கூச்சம்னு சொன்னேனே” என்றேன். ‘கோடையில் ஓய்வெடுக்கும் வனம்’ என்று தலைப்பு வைத்து அச்சிட்டார்கள். அடியில், தொடர்புக்கு... பழைய எண்ணையே போட்டுவிட்டார்கள்.

இதழ் வந்த நாலாம் நாள் அறிவுச்செல்வி மறுபடி அழைத்தார்.

“செங்கோடன் ஐயாவ வாசகர்கள் கொண்டாடறாங்க சார். எந்நேரம் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கறாராம். போன்ல வேண்டாம், மத்தியானமா தோப்புக்கு வாங்க, நேர்ல சொல்றேன்னு எல்லாரையும் கூப்பிடறாராம். நிறையப் பேர் கிளம்பிட்டாங்க.”

நான் அந்த எண்ணை அழைத்துப் பார்க்கவில்லை. போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

சொன்னால் பத்தி போய்விடும்.