அஞ்சும் எரியுது

கன்னியம்மாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் எங்கள் அத்திப்பட்டில் யாருமில்லை. அவள் வருவதைப் பார்த்தாலே ரேஷன் கடைக்காரர் தராசைத் துடைத்து வைப்பார். அப்படிப்பட்டவளையே ஓர் இன்வெர்ட்டர் ஏமாற்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் வீட்டுக்காரர் தாவீது கும்மிடிப்பூண்டி இரும்பு உலையில் வேலை பார்த்து நுரையீரலைப் பறிகொடுத்தவர். மூச்சு முட்டினால் உடனே மாஸ்க்கை மாட்டி, நெபுலைசர் மெஷினில் மருந்துப் புகை பிடிக்க வேண்டும். இரண்டாயிரத்து எட்டில் கரண்ட் எப்போது போகும் என்றே தெரியாது. தெருமுனையில் நின்றால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும், வீட்டுக்குள் ஃபேன் ஓடாது. அதனால்தான் மீஞ்சூரில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிப் போட்டாள்.

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. நெபுலைசர் கொஞ்சம் உறுமிவிட்டு நின்றுவிட்டது. தாவீதுக்குக் கண் செருகியது. பக்கத்து வீட்டிலிருந்து நானும் ஓடிவந்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, எப்படியோ பிழைக்க வைத்தோம். திரும்பி வந்து பார்த்தால் இன்வெர்ட்டரில் சார்ஜ் காட்டும் ஐந்து பச்சை விளக்கும் ஜம்மென்று எரிகின்றன!

இன்வெர்ட்டர் விற்ற மீஞ்சூர் கடைக்காரர் குப்புராஜ் வந்து விளக்குகளைத் தொட்டுக் காட்டினார். "அஞ்சும் எரியுது பாரும்மா. பேட்டரி ஃபுல்லு. உன் மெஷின்தான் கோளாறு."

"எங்க தெருவுல ஃபுல்லுன்னா இன்னா தெரியுமா சார்? நிக்க முடியாம வுழுந்து கெடக்குறவன். உன் பேட்டரியும் அந்த ஃபுல்லுதான்."

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் கடைக்கே போனோம். கடையில் நல்ல கூட்டம். நெபுலைசரை முதலில் சுவர் பிளக்கில் மாட்டினாள். நன்றாக ஓடியது. பிறகு இன்வெர்ட்டரில் மாட்டி, மாஸ்க்கைக் குப்புராஜின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வெறும் உப்புத் தண்ணிதான் சார், பயப்படாத. புடி."

எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். நெபுலைசர் இழுத்து இழுத்து நின்றது. ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. அவர் மாஸ்க்கை எடுக்கப் போனார். கன்னியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார், அஞ்சும் எரியுதே! மூச்சு உடு."

கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சாயங்காலமே புது பேட்டரியும் புது இன்வெர்ட்டரும் வீடு தேடி வந்தன. வந்ததும் விளக்குகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அது சொல்றத நான் எதுக்குக் கேக்கணும்? அவரு மூச்சு வுடுறது எனக்கு அடுப்பாண்ட வரைக்கும் கேக்குது."