பன்னிரண்டு எந்தப் பக்கம்

எங்கள் ஊர் களக்காட்டுக்குப் பக்கம். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பெண்கள் எட்டுப் பேர், உள்வட்டத்தில் நான்கு, வெளிவட்டத்தில் நான்கு என்று எதிரெதிரே நின்று கோலாட்டம் அடிப்போம். எனக்கு எதிர்ஜோடி என் கொழுந்தன் மனைவி. போன வருஷம் கொழுந்தனுக்கு மும்பையில் ஓட்டல் வேலை அமைந்தது. அவளும் போய்விட்டாள்.

இந்தக் கொடைக்குப் புதுப் பாட்டு, புது அடி. பாட்டும் தாளமும் ஊரே மைனி என்று கூப்பிடும் ஒருத்தி. பழக்குவதும் அவள்தான். கொழுந்தன் மனைவி ஊருக்கு வருவதோ கொடைக்கு முந்தின நாள். பழகாதவளை நிறுத்த முடியாது, வேறு ஆள் பார்க்கிறேன் என்று மைனி சொல்லிவிட்டாள். அதைக் கொழுந்தன் மனைவியிடம் போனில் சொன்னேன்.

"வீட்டையும் வாடகைக்கு விட்டாச்சு. அந்த எடமும் போச்சுன்னா நான் ஊருக்கு விருந்தாளில்லா அக்கா."

அங்கிருந்தே பழகிக்கொள்ளட்டும் என்று ஆட்டத்தைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பினோம். வட்டம் சுற்றும்போது அவள் இடத்தில் நிற்பவள் பாதி நேரம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறாள். பார்த்துப் பழக முடியவில்லை என்றாள்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். விவரமாக எழுத வராது. எண் வரும். சுவர்க் கடிகாரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, நடுவில் அவள் நிற்பதாக வைத்துக்கொண்டேன். கால் முன்னால் போனால் பன்னிரண்டு, வலது பக்கம் மூன்று, பின்னால் ஆறு, இடது பக்கம் ஒன்பது. கம்பு தட்டும் உயரத்துக்கு இன்னொரு எண். முழங்கால் ஒன்று, இடுப்பு இரண்டு, நெஞ்சு மூன்று, தலைக்கு மேல் நான்கு. தட்டாமல் விடும் இடத்துக்குச் சுழி. ஒரு தாளத்துக்கு இரண்டு எண்.

சுற்றி முடித்த பீடியைக் கடையில் போட்டுவிட்டு சாயங்காலம் கோயில் முன்னால் நிற்பேன். அவள் இடத்தில் நின்று ஆடிப் பார்ப்பேன், எழுதுவேன், அனுப்புவேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து லாட்டரிச் சீட்டா என்று கேட்டார்.

அங்கே அவள் சப்பாத்திக் கட்டையும் கரண்டியும் வைத்துப் பழகினாள். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டதால் காலை ஓசையில்லாமல் வைத்தாளாம். எண்களைப் போனில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை.

ரயிலில் வந்த களைப்போடு நேரே கோயிலுக்கு வந்தாள். பதிலுக்கு நின்றவள் விலகிக் கொடுக்க, முதல் பாதி நன்றாக ஆடினாள். மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முதுகைக் கோயிலுக்குக் காட்டித் திரும்பும் இடம் வந்தது. வட்டம் ஒரு பக்கம் போக, அவள் எதிர்ப்பக்கம் போனாள். கம்பு பக்கத்துக்காரி மணிக்கட்டில் விழுந்து வளையல் உடைந்தது. மறுபடி ஆடினோம். அதே இடத்தில் அதே பிசகு.

"போதும்ட்டி. இந்த வருசம் உக்காந்து பாரு" என்றாள் மைனி.

அவள் உட்காரவில்லை. கம்பைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கோயில் முன்னால் நின்று எழுதியவள் நான். எப்படித் திரும்பினாலும் எனக்குப் பன்னிரண்டு கோயில்தான். அவள் அடுப்படியில் கோயில் ஏது? அவள் திரும்பினால் பன்னிரண்டும் அவள் முகத்தோடு திரும்பியிருக்கிறது. நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"நீ திரும்புனாலும் பன்னெண்டு கோயில்லதான் நிக்கும். ஒன் மூஞ்சில இல்ல" என்றேன்.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"எனக்கே இப்பதான் தெரியுது."

தனியாகப் போய் நின்றாள். கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டு, எண்களை முணுமுணுத்து, ஒவ்வொரு காலாக வைத்தாள். சரியாக வந்தது. ஆனால் வேகம் இல்லை.

"பைய பாடுனா வந்திருவேன் மைனி."

மைனி ஜால்ராவை எடுத்தாள். பாட்டைப் பாதி வேகத்தில் தொடங்கினாள்.

கொடையன்றும் அந்த வேகம்தான். தூங்கிக்கிட்டா ஆடுதிய என்று இளவட்டங்கள் கேட்டார்கள். அவள் திரும்பும்போதெல்லாம் தலையை ஒடித்துக் கோயில் வாசலைப் பார்த்தாள். அம்மனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, மும்பைக்குப் போயும் பக்தி குறையவில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் ரயிலேறிய பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். இப்போது பன்னிரண்டு அவரவர் முகத்துக்கு நேர். முதலில் எழுதியது அவள் ஒருத்தி இடத்துக்கு மட்டும் பொருந்தும். இப்படி எழுதினால் உள்வட்டத்துக்கு ஒரு வரி, வெளிவட்டத்துக்கு ஒரு வரி, எட்டுப் பேருக்கும் அது போதும். எழுதி முடிக்க நாளாயிற்று. பழக்கதோஷத்தில் கை கோயிலையே பன்னிரண்டாக வைத்தது.

அனுப்பிய மறுநாள் கூப்பிட்டாள்.

"அக்கா, இப்ப எங்கன பாத்து நிக்கணும்?"

"எங்கன வேணும்னாலும் நில்லு" என்றேன்.