செங்கடலின் சக்கரம்

என் அப்பா தெயோஃபில் ஒராடியா நகரத்தில் டிராம் ஓட்டுகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். வேதாகமத்தில் எந்த வசனத்தைக் கேட்டாலும் புரட்டாமல் சொல்வார். பணிமனை மெக்கானிக் டோரெல் சிரிக்கும்போது மட்டும் அவருக்கு வசனம் போதவில்லை.

"ஏன் தெயோ, கடல் பிளந்துச்சாமே? யாரு பார்த்தா, உன் மாமனாரா?"

ஒருநாள் அப்பா அவனிடம் கைப்பேசியில் ஒரு படத்தை நீட்டினார். செங்கடலின் அடியில், பவளம் படர்ந்த தேர்ச்சக்கரம். பிளந்த கடலுக்குள் துரத்திவந்து மூழ்கிய பார்வோன் மன்னனுடையதாம். டோரெல் ரொட்டி மெல்வதை நிறுத்தினான். குளிர்காலம் முழுக்க அந்தப் படத்தைப் பற்றியே கேட்டான். வசந்தத்தில் எங்கள் பாப்டிஸ்டு சபைக்கு வந்தான். கோடையில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். க்ளூஜ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் அப்பா பெருமையாக அந்தப் படத்தைக் காட்டினார்.

"இது புரளிப்பா. அப்படி எதையும் யாரும் கண்டெடுக்கல. விசுவாசிகளே மறுத்து எழுதியிருக்காங்க, பாருங்க."

"அப்ப கடல் பிளந்ததும் பொய்யாம்மா?"

"நான் சக்கரத்தத்தான் சொன்னேன்."

அப்பா தட்டிலிருந்த முட்டைக்கோஸ் சுருளைத் தொடாமல் எழுந்துபோனார். உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்தது. அதில் படித்தவளின் கர்வம் எவ்வளவு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் தினமும் அப்பா டோரெலிடம் சொல்லிவிடக் கிளம்புவார், சொல்லாமலே திரும்புவார். "இப்பத்தான் குடிய விட்டிருக்கான்," என்று அம்மாவிடம் முணுமுணுப்பார்.

ஞானஸ்நானம் கேட்பவர் சபைமுன் நின்று சாட்சி சொல்ல வேண்டும். யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். டோரெல் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

"கண்ணால பார்த்தாத்தான் நம்புற ஆளு நான். தெயோ சகோதரர் சக்கரத்தக் காட்டினாரு. அன்னைக்கே வேதம் மெய்யின்னு விளங்கிடுச்சு."

"ஆமென்" என்றது சபை. அப்பா எழுந்தார். காதுமடல்கள் சிவந்திருந்தன.

"ஒரு கேள்வி, டோரெல். அந்தச் சக்கரம் பொய்யின்னா?"

"என்ன சொல்ற?"

"பொய்தான். ஒரு வாரமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா என்னை இங்க நிக்கவிட்ட?" டோரெலின் குரல் உடைந்தது. "நீ எதை வச்சு நம்பின? சக்கரத்த வச்சா?"

"இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே நம்பிட்டேன்."

"உனக்குப் போதுமா இருந்தது எனக்கு மட்டும் போதாதுன்னு எப்படி முடிவு பண்ணின?"

டோரெல் வெளியேறினான். ஞானஸ்நானத்தில் அவன் உடுத்த பெஞ்சில் மடித்து வைத்திருந்த வெள்ளை அங்கியை அப்பாதான் வீட்டுக்குத் தூக்கிவந்தார். வழியில் அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் பணிமனையில் டோரெல் தன் ரொட்டியோடு அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தானாம்.

"இனிமே உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சத மட்டும் சொல்லு, கேக்கிறேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு எது நிச்சயமாத் தெரியும்னு யோசிச்சிக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள வேலைக்கு மணி அடிச்சிட்டாங்க," என்றார் அப்பா. மறுபடியும் அவர் காது சிவந்தது.