பின்னோக்கி நடந்த ஃபிடெல்மா

எங்கள் ஊரில் மார்ச் மாதம் நடக்கும் புனித பேட்ரிக் திருநாள் ஊர்வலம் தேவாலயத்தில் புறப்பட்டுப் பாலத்தில் முடியும். பாதி ஊர் நடக்கும், பாதி ஊர் கைதட்டும். ஒருத்தி மட்டும் கையில் கேமராவோடு, ஊர்வலத்தைப் பார்த்தபடி அதற்கு முன்னால் பின்னோக்கியே நடப்பாள். அவள்தான் இரும்புக்கடை ஃபிடெல்மா. முப்பத்தொரு வருஷமாக அவள் எடுத்த படங்கள்தான் மறுநாள் அவள் கடைக் கண்ணாடியில் தொங்கும். தன் மூஞ்சியைத் தேடி ஊரே அங்கே மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். அவள் மூஞ்சி மட்டும் எந்தப் படத்திலும் இருந்ததில்லை. கோணல் படத்தை ஈவு இரக்கமில்லாமல் கிழித்துப் போடுவாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை.

"முப்பத்திரண்டாவது வருஷம் ஜன்னல் காலியா இருந்தா, கடையையே மூடிடுவேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண் கலங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு, நான் என் டிராக்டரில் வைக்கோல் வண்டியைப் பூட்டினேன். மேலே அவளுடைய சாய்வு நாற்காலி, காலுக்குத் தலையணை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போய்யா. சவ ஊர்வலத்தைவிட மெதுவா."

"அதுக்கும் மெதுவாப் போனா எஞ்சின் நின்னுடும்."

"நிக்கட்டும். படம் நல்லா வரும்."

வழியெல்லாம் அதட்டல்தான். "மாலக்கி, தொப்பையை உள்ள இழு!" மாலக்கி, பழங்கால டிராக்டர்கள் வைத்திருப்போர் சங்கத்தின் தலைவர். ஊர்வலத்தின் சிறந்த அலங்கார வண்டிக்குத் தரும் கோப்பை எட்டு வருஷமாக அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

நடுவர் எப்போதும் வெளியூர்க்காரர். உள்ளூர்க்காரர் தீர்ப்புச் சொன்னால் அடுத்த மார்ச் வரை சண்டை ஓயாது. இந்தத் தடவை வந்தவர் எங்கள் வண்டியைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து ஊரையே அதட்டும் கிழவியை வேஷம் என்றே நினைத்துவிட்டார். முதல் பரிசு எங்களுக்கு.

"நான் வேஷம் போடலைங்க. இது என் சொந்தக் கால்," என்றாள் ஃபிடெல்மா.

"அதான் இவ்வளவு தத்ரூபமா இருக்கு," என்று கோப்பையை அவள் மடியில் வைத்துவிட்டார் நடுவர். பாலம் அதிரக் கைதட்டினோம்.

கோப்பை வாங்கியவர் படம்தான் ஜன்னலின் நடுவில் வரும். அதை எடுக்க வேண்டியவளே இப்போது கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற மாலக்கியிடமே கேமராவை நீட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"எட்டு வருஷமா இது முன்னாடிதானே நின்ன? அமுக்குய்யா."

மாலக்கி கேமராவைக் கண்ணில் வைத்தார். மெல்ல அவர் முகம் இளகியது. "சரி. நீ இப்ப தொப்பையை உள்ள இழு."

மறுநாள் காலை நானும் கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன். நடுவில் அந்தப் படம். கோணல். ஓரத்தில் மாலக்கியின் கட்டைவிரல் வேறு. படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாள் ஃபிடெல்மா.

"இதை ஏன் கிழிக்கல?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"உன் வேலையைப் பாரு," என்று குரல் வந்தது. பிறகு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு அவளே வெளியே வந்தாள். தள்ளிக்கொள் என்று சைகை காட்டிவிட்டு, ஊராரைப் போலவே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.