வாடகைப் பட்டம்

எங்கள் அல்பேனிய மலையூரில் மிர்வேத்தேயின் மருந்துக்கடைக்கு எதிரில்தான் என் காப்பிக்கடை. அவள் கடைச் சுவரில் மருந்தாளர் பட்டம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதில் ஒட்டியிருக்கும் படம் யாரோ ஓர் ஒல்லிப் பெண்ணுடையது. பட்டத்தை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் ஜெர்மனி போய் வெகுகாலமாகிறது. மிர்வேத்தே படித்தது தையல். கணவன் செத்ததும் அவனுடைய அண்ணன் இந்தக் கடையில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

"சும்மா எடுத்துக் குடுத்தா போதும்" என்றானாம். மகாராசன், சொல்லிவிட்டுப் போய்விட்டான். அடுத்த வருடமே எங்கள் மலையூர் டாக்டரும் ஜெர்மனிக்குக் கிளம்பினார். அப்புறம் இருமலோ மூட்டுவலியோ, எல்லாவற்றுக்கும் இவள்தான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துப் படித்தே பதினான்கு வருடம் ஓட்டினாள்.

"என்னிக்காவது ஒருத்தர கொன்னுடுவேன்ணே" என்று என்னிடம் அழுவாள். இந்த மாதத்தோடு கணவனின் அண்ணனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலைநகர் திரானாவில் இருக்கும் மகளிடம் போவதாக முடிவு செய்திருந்தாள். நான் நம்பவில்லை.

அந்த வாரம் லாரி ஓட்டி ஓய்ந்த ஹய்ரெதின் கிழவர் வந்தார். நான் அவளுக்குக் காப்பி கொண்டுபோயிருந்தேன்.

"டாக்டரம்மா, தாடை வலிக்குது. அந்தப் பல்வலி மாத்திரைய எடுங்க."

அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வெளியே பனி.

"இடது கையும் வலிக்குதா மாமா?"

"விறகு வெட்டினா வலிக்காம, கொஞ்சவா செய்யும்?"

மிர்வேத்தேயின் முகம் வெளிறியது. "இது பல்லு இல்ல. உடனே திரானா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"பல்வலிக்குத் திரானாவா! ஊரே சிரிக்கும்."

"ஐயோ, நான் சொல்றதக் கேளுங்க! மாத்திரை குடுக்க நான் டாக்டரே இல்ல. அந்தப் படத்துல இருக்கறது நான் இல்ல!"

கிழவர் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியாதாக்கும்? உன் மூக்கு அவ மூக்கைவிட ரெண்டு பங்கு. வேற யாரும்மா இருக்கா எங்களுக்கு? டாக்டர் சொன்னா போறேன். டாக்டர் இல்லேன்னா, நீ யாரு என்னைப் போகச் சொல்ல?"

அவள் சுவரில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாளைக் கிழித்து எழுதினாள்: இதயம், மிக அவசரம். கீழே 'டாக்டர் மிர்வேத்தே' என்று கையெழுத்து. கடை முத்திரையை ஓங்கிக் குத்தினாள். முத்திரை விழாத தாளை எங்கள் ஊரில் எவனும் மதிக்கமாட்டான். கிழவர் ஊதா மையைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் காரில் ஏறினார்.

இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார்கள் திரானாவில். பத்து நாளில் திரும்பி வந்து, அந்தத் தாளை என் கடையில் மேசை மேசையாகக் காட்டினார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது; இப்படிக் காட்டினால் ஊர் அவளைப் போக விடுமா? வாயை மூடுங்கள் என்று சொல்லத்தான் தைரியமில்லை.

மறுநாள் காலை மிர்வேத்தே ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் சாவியுமாக வந்தாள். பூட்டிய கதவின் முன் பதினோரு பேர். முதல் ஆளாக ஹய்ரெதின், கையில் ஒரு கட்டி ஆட்டுப்பால் சீஸ்.

"வாங்க டாக்டரம்மா! வரிசைய நான் பாத்துக்கறேன். முத்திரையில மை இருக்கில்ல?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாலாவதாக நின்ற என்னிடம் வந்ததும் நின்றாள். எனக்கு ஒரு வாரமாக வயிற்றில் எரிச்சல்.

"நீங்களுமாண்ணே?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பெட்டியை என் காலடியில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.