நாகவள்ளிக்கு வந்த சிக்னல்

போன புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, என் நெருங்கிய தோழி ஒருத்தி தோற்றுப்போனாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியே காட்டிக்கொள்ளவில்லை. போனில் "அடடா" என்றேன். "ஐயோ, இத்தனை வருஷ உழைப்பாச்சே" என்றேன். ஆனால் போனை வைத்த கையோடு ஃப்ரிட்ஜைத் திறந்து, மீதமிருந்த மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. அன்றைக்குக் கொண்டாடத் தோன்றியது.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் - நான் பெரிய உத்தமி இல்லை. ஆனால் இவ்வளவு மட்டமானவள் என்று எனக்கே தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தோழியின் பெயர் நாகவள்ளி. இரண்டு பேருக்கும் ஊர் பழவேற்காடு. அவள் அப்பா ஏரியிலும் கடலிலும் வலை போடுகிறவர். என் அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பொன்னேரி காலேஜுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். இன்றைக்கு நான் சென்னையில் உட்கார்ந்து பத்தி எழுதுகிறேன். அவள் வடக்கே எங்கேயோ மலைகளுக்கு நடுவில், ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கியில் விஞ்ஞானி.

என்ன வேலை? வேறொரு நட்சத்திரத்துப் பக்கம் புத்தியுள்ள யாராவது இருந்து, அவர்கள் ரேடியோ அலை அனுப்பினால், அதைப் பிடிக்கிற வேலை.

பறக்கும் தட்டு, பச்சை மனிதன் எல்லாம் கிடையாது. வானம் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிறதாம். நட்சத்திரம் இரைகிறது, வாயு மேகம் இரைகிறது. இயற்கையின் இரைச்சல் அகலமாகப் பரவிக் கிடக்கும். ஒருத்தர் வேண்டுமென்றே செய்த சிக்னல் என்றால், நம் ரேடியோ ஸ்டேஷன் மாதிரி, கம்ப்யூட்டர் திரையில் மெல்லிசாக ஒற்றைக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டை இருபத்திரண்டு வருஷமாகத் தேடுகிறாள்.

இதில் எனக்கென்ன பொறாமை?

சொல்கிறேன். இந்த விஷயத்தை அவளுக்கு முதன்முதலில் சொன்னது யார்? நான்தான். ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை படித்துவிட்டு, பொன்னேரி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேரும்வரை அவளுக்கு விளக்கினேன். வானத்தை நோக்கிக் காதை வைத்துக்கொண்டு சில பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் அங்கேதான் போகப்போகிறேன் என்றேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு நடந்தது என்ன? நான் கணக்குப் பேப்பரில் இரண்டு தடவை ஃபெயிலாகி இலக்கியத்துக்குத் தாவினேன். அவள் போய்விட்டாள், நான் போகிறேன் என்று சொன்ன இடத்துக்கு.

என் புடவையைக் கட்டிக்கொண்டு என் கண் முன்னாலேயே ஒருத்தி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு தடவை அவளைப் பார்க்கும்போதும். அவளுக்கு நரைத்த முடிகூட அழகாக இருக்கிறது. என்னுடையது மாதந்தோறும் சாயம் கேட்கிறது.

அந்தப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாகவள்ளியின் தம்பி புதிதாக ஃபைபர் போட் வாங்கியிருந்தான். முதன்முதலாகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். அவள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என்னையும் கூப்பிட்டாள்.

பொன்னேரியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆகா, வாசகர் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவர் கேட்டார்: "நாகவள்ளி அக்கா வூட்டு விசேசத்துக்காம்மா?"

ஆரம்பமே இப்படி.

ஏரிக்கரையில் போட்டுக்கு மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பத்து பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். இறங்கியதும் கூட்டம் நாகவள்ளியைச் சூழ்ந்துகொண்டது. அவள் நைனா - அங்கே அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் - எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, இருவது வருசத்துக்கு மேல தேடிக்கினு கீறியே... ஒண்ணுகூட மாட்லியா?"

"இல்ல நைனா."

"ஒண்ணுமே மாட்டாத ஆளுக்கு இன்னாத்துக்கு சம்பளம் குடுக்குறாங்க?"

"தேடுறதுக்குத்தான் நைனா சம்பளம். மாட்றதுக்கு இல்ல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்ல வேலைதான். எங்களுக்கு எவனும் அப்படிக் குடுக்கலியே" என்றார். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்பில் வேறொன்றும் கலந்திருந்தது. இருபத்திரண்டு வருஷம்... ஒன்றுமே இல்லை... அப்பாடா.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. அந்தப் பக்கம் பேசுவது சரியாகக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் ஊரில் டச்சுக் கல்லறை மதிலோரம் போக வேண்டும். போனாள். பத்து நிமிஷம், கால் மணி. சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்கள். கூப்பிடப் போன என்னை அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். 

"ஷீலா, ஒரு கோடு வந்துருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"ஒரு நட்சத்திரம். டிஷ்ஷ அதும்மேல வச்சா கோடு வருது. பக்கத்துல திருப்புனா போயிடுது. மறுபடி வச்சா வருது. மூணு தடவ பாத்துட்டாங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

"எவ்ளோ தூரம்?"

"முந்நூறு ஒளி வருசத்துக்குக் கொஞ்சம் மேல." அவள் பக்கத்திலிருந்த கல்லறைப் பலகையைப் பார்த்தாள். அதில் செதுக்கிய எழுத்து எங்கள் இரண்டு பேருக்குமே படிக்கத் தெரியாது. "இது நெசம்னா... அது அங்கேர்ந்து கெளம்பறப்போ இங்க டச்சுக்காரங்க உயிரோட நடமாடிக்கினு இருந்துருப்பாங்க. துணி வாங்கிக் கப்பல்ல ஏத்திக்கினு."

எனக்குச் சிலிர்த்தது. அதற்கு நான் பொறுப்பில்லை, தானாகச் சிலிர்த்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. வேற எடத்துலேர்ந்து சரிபாக்காம வாயே தொறக்கக் கூடாது. முக்கியமா, எழுதிடாத."

"அப்புறம் என்கிட்ட எதுக்குச் சொல்றே?"

"உன்கிட்ட சொல்லாம? நீதானேடி எனக்கு மொதல்ல சொன்ன."

அவள் அதை மறக்கவே இல்லை. அதைக் கேட்டதும் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன். நான் சொன்னேன், உனக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது ரயிலில் கண்ணை மூடினால் எல்லாம் தெரிந்தது. உலகத்துப் பேப்பர்களில் எல்லாம் நாகவள்ளியின் படம். பள்ளிப் பாடத்தில் நாகவள்ளி. என் பேத்தி பரீட்சைக்கு அவள் பெயரை மனப்பாடம் செய்கிறாள். "பாட்டி, இவங்கள உனக்குத் தெரியுமா?" தெரியும் கண்ணே, சாப்பிடு.

செவ்வாய்க்கிழமை என் பத்தியை அனுப்பும் நாள். மாங்காய்த் தொக்கைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்று எழுதினேன். அவள் பெயர் இல்லை, ஊர் இல்லை. 'எனக்கு நெருக்கமான ஒரு விஞ்ஞானி' என்று மட்டும். நாமொன்றும் தனியாக இல்லை என்கிற சேதியை என் வாசகர்கள்தான் உலகத்திலேயே முதலில் படிக்கிறார்கள் என்று முடித்தேன். என்ன கம்பீரம்... அந்தச் சேதியைக் கண்டுபிடிக்க முடியாது போனால் என்ன, முதலில் சொன்னவளாக இருந்துவிடலாமே.

அனுப்பினேன்.

புதன் காலை பத்தரைக்கு உதவி ஆசிரியர் வினோத் கூப்பிட்டார். "மேடம், பிரமாதம். அட்டையிலேயே போடலாம்ங்கிறார் ஆசிரியர். ஒரே ஒரு சந்தேகம். அந்த விஞ்ஞானிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்கல்ல?"

"கேட்டாச்சு" என்றேன்.

யோசிக்காமல் வந்த பொய் அது. நாக்கு தயாராகக் காத்திருந்த மாதிரி.

அரைமணி கழித்து நாகவள்ளி கூப்பிட்டாள். குரலில் ஒன்றுமே இல்லை, பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்கிற குரல். "ஷீலா, அது இல்ல. அந்த நட்சத்திரம் நகர்ந்து போனதுக்கப்புறம், அதே தெசையில சும்மா காலி வானத்தப் பாக்கச் சொன்னேன். அங்கயும் அதே கோடு. எங்க டிஷ்ஷத் திருப்புற மோட்டாருக்குப் புதுசா ஒரு பெட்டி மாத்திருக்காங்க. அந்தப் பக்கம் திரும்புனா மட்டும் அது வேல செய்யுது. அதோட எரைச்சல்தான். நம்ம சத்தத்தையே நாம கேட்டுக்கினு இருந்துருக்கோம்."

அதன் பிறகுதான் மைசூர்பாகு.

அதை மென்று முடித்த பிறகு வினோத்தைக் கூப்பிட்டு, அந்தப் பத்தி வேண்டாம், தொக்கைப் போடுங்கள் என்றேன். நீங்கள் போன வாரம் படித்தது அந்தத் தொக்குதான். பல பேர் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நன்றி.

கவனியுங்கள். மனசாட்சி உறுத்தி நான் அதைத் திரும்பப் பெறவில்லை. சேதி பொய்யாகிவிட்டது, அதனால் பெற்றேன். அது உண்மையாக இருந்திருந்தால்? இல்லை, பொய்தான் என்று ஒரு நாள் தாமதமாகத் தெரிந்திருந்தால்? 'உளறிக்கொட்டியது யார்' என்று அவள் ஆபீஸில் கேட்டிருப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டு வேலை செய்தவள், என் ஒரு பக்கத்தால் தலைகுனிந்து நின்றிருப்பாள். மாத்திரை போட்டும் அன்றைக்குச் சர்க்கரை இறங்கவில்லை.

மறுநாளே கிளம்பிப் போனேன்.

நாகவள்ளி வீட்டு வாசலில் உட்கார்ந்து, தம்பி பிடித்துவந்த நண்டுகளுக்குக் கொடுக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருகிற வழியெல்லாம் ஒரு அழகான பொய் தயார் செய்திருந்தேன் - எழுதினேன், ஆனால் மனசு கேட்காமல் கிழித்துவிட்டேன் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. எழுதியது, அனுப்பியது, வினோத்திடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். மைசூர்பாகையும் சொன்னேன்.

அவள் கை நின்றுவிட்டது. கட்டாத நண்டைக் கூடையில் போட்டாள். 

"போயிடு ஷீலா. கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னால நிக்காத" என்றாள்.

எழுந்து ஏரிப் பக்கம் நடந்தேன். படகுகள் வருவதையும் ஐஸ் பெட்டிகள் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். சென்னைக்கே போய்விடலாமா என்றிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அவளே வந்தாள். கையில் நண்டு வாசனை.

"எழுதுனத காட்டு."

போனில் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். எனக்குக் கணக்குப் பேப்பர் திருத்தித் தருகிற நாள் மாதிரி இருந்தது.

"ரெண்டாவது பாராவுல தப்பு. ஒளி வருசம்னா தூரம். நீ காலம்னு எழுதிருக்க."

"ம்."

"மத்தது நல்லாத்தான் எழுதிருக்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ எழுதுனா அடுத்த வாரமே நூறு பேர் பதில் போடறாங்க. எனக்கு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தன் போடல. ஒவ்வொரு வாரமும் உன் பக்கத்தப் படிச்சிட்டு வயிறு எரிவேன், தெரியுமா உனக்கு?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவளுக்கா? என் தொக்கைப் பார்த்தா?

அவளுடைய வருத்தம் அதோடு தீரவில்லை. இப்போதும் முழுசாகத் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். பஸ் ஏற்றிவிட வந்தவள் வழக்கமாகக் கையைப் பிடிப்பாள். அன்று பிடிக்கவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்வரை நின்றாள். நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன், இதையெல்லாம் எழுதலாமா என்று. இந்தத் தடவை நிஜமாகவே கேட்டேன்.

"எழுது. என் பேர மட்டும் மாத்திடு" என்றாள்.

மாற்றிவிட்டேன். பொறாமை மட்டும் அசல்.