போசரியில் மாலை நான்கு மணி

2004 ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோவை ஜங்ஷனில் குர்லா எக்ஸ்பிரஸில் ஏறினேன். தோளில் துணிப்பை, கழுத்தில் அண்ணனிடம் கடன் வாங்கிய கேமரா, கையில் மூன்றடி நீள பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் என் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பு சுருண்டு கிடந்தது. முதலாண்டில் வரைந்த பேருந்து நிழற்குடை, மூன்றாமாண்டில் வரைந்த உழவர் சந்தை, கடைசி ஆண்டுக்கு ஒரு பேருந்து நிலையம். இவற்றில் எதையும் யாரும் கட்டவில்லை, கட்டப்போவதும் இல்லை. உழவர் சந்தைக் கூரைக்கு எவ்வளவு இரும்பு தேவைப்படும் என்று கேட்ட ஆசிரியர், என் பதிலைக் கேட்டதும் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் புனேயில் ஓர் அலுவலகத்தில் நேர்காணல். தொலைபேசியில் பேசிய அம்மையார் ஒன்றை மட்டும் வற்புறுத்தியிருந்தார்: கட்டி முடித்த வேலை ஏதாவது இருந்தால் அதன் புகைப்படம் கொண்டுவர வேண்டும். அப்படி எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. நான்காமாண்டில் ஆறு மாதப் பயிற்சிக்காகப் புனேயில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தபோது, போசரி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகம் வரைந்து கொடுத்தேன். நான் ஊர் திரும்பியபோது சுவர் ஜன்னல் உயரம்கூட வந்திருக்கவில்லை. அதை இப்போது போய்ப் பார்த்துப் படம் எடுத்தாக வேண்டும். ஓராண்டாகக் கோவையில் காம்பவுண்டுச் சுவரும் கார் ஷெட்டும் வரைந்து சலித்துப்போயிருந்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் கார் ஷெட்தான்.

எதிர் இருக்கையில் சோலாப்பூர் வரை போகும் ஜவுளி வியாபாரி. தருமாவரம் தாண்டியதும் குழாயைக் காட்டி, "என்னம்மா இது, மேப்பா?" என்றார். வீட்டு பிளான் மாதிரி என்றேன். உடனே டிக்கெட்டின் பின்பக்கத்தில் தன் வீட்டை வரைந்து, சமையலறை சரியான மூலையில் இருக்கிறதா என்று கேட்டார். வாஸ்து எனக்குத் தெரியாது என்றால் நம்பவில்லை. "பிளான் போடறீங்க, திசை பாக்கத் தெரியாதா?" என்று சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றேகால். வண்டி முக்கால் மணி நேரத் தாமதத்துடன் புனே வந்தது. அவுந்தில் இருந்த பள்ளித் தோழியின் வீட்டில் பையைப் போட்டுக் குளித்துவிட்டு வர நேரமில்லை. நான்கு மணி வெளிச்சம் தவறிவிடும். காப்பகத்தின் முகப்பு மேற்கே சாலையைப் பார்த்திருப்பது எனக்குத் தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது செங்கல் சுவர் படத்தில் நன்றாக எழும். ஸ்டேஷன் வாசலில் நான்கு ரூபாய்க்கு ஒரு வடா பாவ் சாப்பிட்டேன். மிளகாயைக் கடித்தது என் தவறு. லோனாவ்ளா போகும் லோக்கலில் காசர்வாடி வரை நின்றபடி பயணம். அங்கிருந்து போசரிக்குச் சிக்ஸ் சீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய். ஆறு பேருக்கான வண்டியில் பதினோரு பேர் இருந்தோம். என் குழாய் ஓட்டுநரின் தோளை இடித்துக்கொண்டே வந்தது. அவர் இந்தியில், "மேடம், இதுக்கும் ஒரு சீட் காசு குடுக்கணும்" என்றார். இறங்கும்போது கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம். தகரக் கூரைப் பட்டறைகள், லேத் சத்தம், அறுத்த இரும்பின் வாசம். அதற்கு நடுவே என் காப்பகம். சாலையைத் தாண்டுவதற்கு முன்பே நின்றுவிட்டேன். பெருமையாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. காகிதத்தில் மட்டுமே பார்த்த நான்கடித் தாழ்வாரமும், காற்று வரட்டும் என்று ஓட்டை ஓட்டையாக அடுக்கச் சொன்ன செங்கல் சுவரும் அப்படியே நின்றன. வெயில் முகப்பு முழுக்க அடித்தது. ஏழு படம் எடுத்தேன். உள்ளே போய், சுவர் ஓட்டைகள் வழியே வந்து தரையில் சிதறிக்கிடந்த வெளிச்சப் புள்ளிகளை ஐந்து படம் எடுத்தேன். ஆறாவதுக்குக் குனிந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அது குழந்தைகள் தூங்கும் அறை. அங்கே குழந்தைகள் இல்லை. அரிசி மூட்டைகளும் எண்ணெய் டின்களும் இருந்தன.

"கோன் ஹை?" பின்னாலிருந்து யாரது என்று இந்தியில் குரல் வந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கையில் தூங்கும் குழந்தை. என் திணறல் இந்தியைக் கேட்டுவிட்டு, "தமிழா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். பெயர் செல்வி. காப்பகத்தின் ஆயா. அப்பா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீடு போபோடியில், கணவருக்குக் கிர்கி ராணுவத் தொழிற்சாலையில் வேலை.

"கட்டடத்தப் படம் எடுக்க வந்தேனுங்க்கா. பசங்க எல்லாம் எங்கே?"

"பின்னால ஸ்டோர்ல தூங்கிக்கினு கீதுங்க. மூணு மணிக்கு மேல இந்த ரூம்ல மனுசன் குந்த முடியுமா? ஊன் நேரா உள்ள வந்துடும்." ஊன் என்றால் மராத்தியில் வெயில். "வா, வந்து இந்தச் செவுத்தத் தொட்டுப் பாரு."

தொட்டேன். கையை எடுத்துக்கொண்டேன்.

ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். எட்டடிக்குப் பத்தடி இடத்தில் பதினெட்டுக் குழந்தைகள், நெருக்கியடித்துப் பாயில் படுத்திருந்தார்கள். வெளிச்சம் வர, மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும். ஆனால் குளுமையாக இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்தேன். "ஒண்ணர வருசமா இப்டித்தான். சாமானத்த அங்க தள்ளிட்டு, புள்ளைங்கள இங்க கொண்டாந்துட்டேன். நக்‌ஷா போட்டவன் எவன்னு தெரியல. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இங்க வந்து நாலு மணிக்கு நின்னிருந்தான்னா தெரிஞ்சிருக்கும்."

நக்‌ஷா என்றால் வரைபடம். போட்டது எவனும் இல்லை, நான்தான். தாழ்வாரத்துக்கு வந்து குழாயைத் திறந்து, என் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது.

முதலில் எங்களுக்குக் கொடுத்த மனை சாலைக்கு மேற்குப் பக்கம். அப்போது முகப்பு கிழக்கே பார்த்தது. காலை இளவெயில் குழந்தைகளுக்கு, மாலை வெயில் பின்னால் உள்ள ஸ்டோருக்கு. அப்படித்தான் யோசித்து வரைந்திருந்தேன். அனுமதிக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள், சாலைக்கு எதிர்ப்புற மனை என்று மாற்றிவிட்டார்கள். இப்படி மனை மாறினால் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை இருக்கிறது, பிளானைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். மூன்று நொடி வேலை. வாசல் மறுபடி சாலைப் பக்கமே வந்துவிட்டது. எழுத்துகள் நேராகவே இருந்தன, அளவுகள் சரியாக இருந்தன, வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் மேலே பார்த்தபடியே இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாவற்றையும் திருப்பினேன், சூரியன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது.

செல்வி அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் வண்ணம் தீட்டிய முகப்புப் படம் மேலே கிடந்தது. தாழ்வாரத்தில் குழந்தைகள் விளையாடுவது போலவும், அவர்கள்மேல் நல்ல நீல நிழல் விழுவது போலவும் வரைந்திருந்தேன்.

"இது எந்த ஊரு பால்வாடி?"

"இதேதானுங்க்கா."

"இதுல நெழலு இருக்குதே. எங்கேந்து வந்துச்சு?"

உண்மையான பதில் வெட்கக்கேடானது. படம் வரையும்போது நாங்கள் வெயிலை எப்போதும் இடது மேல் மூலையிலிருந்துதான் விழச் செய்வோம். நிழலுக்கு நாற்பத்தைந்து பாகைச் சாய்வு. எந்த ஊர், எந்தத் திசை என்பதெல்லாம் கணக்கில்லை. பார்க்க அழகாக இருக்கும்.

"நானே போட்டதுங்க்கா," என்றேன். "நெழலும் நாந்தான். நக்‌ஷாவும் நாந்தான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த குழந்தையை என் மடியில் வைத்தார். "யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாமயே இருந்தேன். நல்லதாப் போச்சு. குந்து இங்க. ஆறு மணி வரைக்கும் குந்து." உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு மேல் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆறு மணிக்கு என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோழியின் சாப்பாட்டு மேஜையில் வேலை. வெயிலைத் தடுக்க முகப்பில் என்னவெல்லாம் மாட்டலாம் என்று நான்கு விதமாக வரைந்து கிழித்தேன். மத்தியானத்துக்கு மேல்தான், செல்வி அக்கா ஏற்கெனவே தீர்த்து வைத்திருப்பதை ஒப்புக்கொள்ள மனம் வந்தது. அவர் இடம் மாற்றியதை அப்படியே பிளானாக வரைந்தேன். என் பங்குக்கு ஒன்றே ஒன்று சேர்த்தேன்: ஸ்டோரின் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல். செல்வி அக்கா கொடுத்திருந்த பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு அதைச் சொன்னேன். சாயங்காலம் ஃபிலிம் கழுவக் கொடுத்து வாங்கினேன், பிரதி ஒன்று நான்கு ரூபாய். முகப்புப் படங்கள் அற்புதமாக வந்திருந்தன. எரிச்சலாக இருந்தது. அசிங்கமாக வந்திருந்தால் முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

திங்கள் காலை பத்து மணி. அலுவலகம் எரண்டவணேயில், மாமரம் நின்ற பழைய பங்களா. தொலைபேசியில் பேசிய அம்மையார்தான் தலைவி. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். வரைபடங்களையும் புகைப்படங்களையும் அடுக்கிய என் தொகுப்பில் நிழற்குடையை ஒரு நொடியிலும் உழவர் சந்தையை இரண்டு நொடியிலும் தாண்டினார். காப்பகத்தின் முகப்பு வந்ததும் கை நின்றது. "வெளிச்சத்தை எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறாய்," என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எனக்கே தெரிந்தது. அடுத்த பக்கத்தை நானே திருப்பினேன். ஸ்டோரில் பதினெட்டுக் குழந்தைகள் தூங்கும் படம், பக்கத்தில் புதிய பிளான்.

நடந்ததைச் சொன்னேன். முடிந்ததும், "அப்படியானால் இந்தப் பிளான் உன்னுடையது அல்ல, ஆயாவுடையது," என்றார்.

"ஆமாம்."

"பிறகு ஏன் உன் தொகுப்பில் வைத்திருக்கிறாய்?"

"குழந்தைகள் அவருடைய பிளானில்தான் இருக்கிறார்கள்."

தொகுப்பை மூடி என் பக்கம் தள்ளினார். கடிதம் போடுகிறோம் என்றார். கடிதம் போடுகிறோம் என்பதற்குக் கோவையிலும் புனேயிலும் ஒரே அர்த்தம்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி போசரி. பிளானைக் கொடுத்துவிட்டு அப்படியே ரயில் ஏறுவதாகத் திட்டம். "வேலை கெடச்சுதா?" என்று கேட்டார் செல்வி அக்கா.

"கெடைக்காதுங்க்கா. தப்பச் சொல்லிட்டேன்."

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்கத் தெரியாதா உனக்கு?" என்றவர், "சரி, ஜன்னல் எங்க, அதக் காட்டு," என்றார்.

காப்பகத்தை நடத்தும் சங்கத்துப் பெண்களிடம் காலையிலேயே பேசி முடித்திருந்தார். அவருடைய தம்பி கொத்தனார், வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரை உடைப்பாராம். கரித்துண்டை என் கையில் கொடுத்தார். தரையிலிருந்து மூன்றடி அளந்து ஜன்னலின் அடிக்கோட்டைச் சுவரில் இழுத்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த உயரம் அதுதான், நாட்டில் பெரும்பாலான ஜன்னல்களுக்கு அதே உயரம்தான்.

"யாருக்கு ஜன்னலு? எனக்கா?"

"பசங்களுக்குதானுங்க்கா."

அவர் கரியை வாங்கிக்கொண்டு, விழித்திருந்த ஒரு பெண் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தினார். இரண்டு வயதிருக்கும். என் கோடு அதன் தலைக்கு மேலே போனது. செல்வி அக்கா அதன் நெஞ்சுக்கு நேராக வேறொரு கோடு இழுத்தார். "செவுத்துக்குப் பின்னால சந்து. அஞ்சரைக்கு ஷிஃப்ட் விட்டா தாய்ங்க அந்த வழியாத்தான் வருவாங்க. இதுங்க நின்னா தெரியணும். கம்பி மட்டும் நெருக்கமா வெக்கச் சொல்லு." அளந்து பார்த்தேன். ஒன்றேமுக்கால் அடி.

மாலை ரயிலில் கீழ்ப் படுக்கையில் உட்கார்ந்து, திருத்தித் தருவதாகச் சொல்லி எடுத்துவந்த பிளானில் மூன்றடியை அழித்து ஒன்றேமுக்கால் என்று எழுதினேன். வண்டி ஆட்டத்தில் எண் கோணலாக வந்தது. தௌண்ட் ஜங்ஷனில் இறங்கி, என் அலுவலக எண்ணோடு அதைச் செல்வி அக்காவுக்குத் தபாலில் சேர்த்தேன். புனேயை விட்டுப் போவதில் வருத்தம்தான். அந்த மாமரத்துப் பங்களாவில் எந்த மேஜை எனக்கு என்றுகூட நேர்காணலுக்கு முன்பே மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தேன். கோவையில் எனக்காகக் காத்திருந்தது ஒரு டாக்டர் வீட்டுக் கார் ஷெட்.

பத்து நாளில் கடிதம் வந்தது, நான் நினைத்த பதில்தான். அதற்கடுத்த வாரம் அலுவலகத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு. எஸ்டிடி பூத்திலிருந்து செல்வி அக்கா கத்தினார்.

"ஜன்னல் வெச்சாச்சு! நல்லா காத்து வருது."

"பசங்க நல்லாத் தூங்கறாங்களாங்க்கா?"

"எங்க தூங்குதுங்க? நாலு மணிக்கே எந்திரிச்சு, பதினெட்டும் கம்பியப் புடிச்சிக்கினு சந்துப் பக்கமே பாத்துக்கினு நிக்குதுங்க. ஒண்ணும் பாய்க்கு வர மாட்டேங்குது. எனக்கு ஒரு மணி நேரம் வேல ஜாஸ்தி, உன்னாலதான்."